சாஸ்தாவுக்கு விட்ட முடி

முடிதான தங்கச்சி, வளந்துராதா? நீங்களே சொல்லுங்க. கை போனா வளராது, கால் போனா வளராது. முடி வளரும்லா? இதைக் கேட்டா எங்க வீட்ல ஒருத்தரும் எனக்குப் பதில் சொல்ல மாட்டேங்காக.

இல்ல, நீங்க தள்ள வேண்டாம், எனக்கு இடம் இருக்கு. திருமங்கலத்துல இறங்கிருவேன். எங்க நாத்தனா வீடு. என் மகன் சேர்மராஜ் அங்கதான் இருக்கான். பதினொண்ணாம் வகுப்பு முடிச்சிருக்கான். பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, வீட்டுக்கு வரமாட்டேங்கான். போன் போட்டா எடுத்து, நான்னு தெரிஞ்சதும் அத்தைகிட்ட குடுத்துருதான். சரி, நேர்லயே போயி இழுத்துட்டு வந்துருவோம்னு பஸ் ஏறிட்டேன். என்ன கோவம்னு கேக்கியளா? முடிக் கோவம். சிரிக்காதீங்க. தலைமுடிக்காகப் பெத்த தாய்கிட்ட பேசாம இருக்கான். இப்படி எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியளா?

நாங்க ஏரல் பக்கம். எங்க வீட்ல அவுக மினி வேன் ஓட்டுதாக, வாழைத்தார் லோடு. நான் வீட்டோட இருந்து ஜாக்கெட் தைப்பேன். ஒரே பையன். அவன் சின்னதுல இருந்தே வாய் பேசாத பிள்ளை. ஊமை இல்ல, பேசமாட்டான், அவ்வளவுதான். சாப்பிட்டியாலன்னா ‘ம்’. பரீட்சை எப்படிலன்னா ‘ம்’. வீட்டுக்கு ஆள் வந்தா புறவாசல் வழியா நழுவிருவான். இந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறோமோன்னு நான் கவலைப்படாத நாளே கிடையாது.

அப்படிப்பட்டவன் போன வருசம் கோடை லீவுல ஒருநாள் வந்து சொல்லுதான், ‘யம்மா, நான் நாடகத்துல நடிக்கப் போறேன்’ன்னு. எனக்கு நம்பிக்கையே வரலை. அவன் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயசாம். அதுக்கு ஒரு பெரிய விழா. குற்றாலிங்கம் சார்னு தமிழ் சார் ஒருத்தர், அவரே நாடகம் எழுதி, லீவுலயே பயலுவளைக் கூப்பிட்டுப் பழக்க ஆரம்பிச்சுட்டாரு. ஆம்பளைப் பிள்ளைய மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம். பொம்பளை வேசமும் அவனுவதான் கட்டணும். இவனுக்கு என்ன வேசம்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு ‘இளவரசி’ன்னான்.

கதை என்னன்னா, ஒரு ராணிகிட்ட யாரோ சொல்லிருதாங்க, உன் மக வாசல்படி தாண்டினா உன் குடும்பத்துக்கு ஆகாதுன்னு. அதைக் கேட்டுக்கிட்டு அந்தப் பாதகத்தி பெத்த மகளைக் கோட்டைக்குள்ள வச்சுப் பூட்டிருதா. கடைசியில இளவரசி கதவைத் திறந்து, கொண்டையை அவுத்து, முடி பறக்க ஆத்தங்கரைக்கு ஓடிருதா. அதோட திரை விழுந்துரும். கதையைக் கேட்டதும் எனக்கு அந்த ராணியைப் பிடிக்கலை. நான் அவன்ட்ட சொன்னேன், ‘எல, பெத்தவ இப்படியெல்லாம் செய்வாளால? உங்க சாருக்குப் பொம்பளை மனசு தெரியலை’ன்னு. அவன் சிரிச்சுக்கிட்டான்.

அப்ப இருந்து பிள்ளையே வேற ஆளாயிட்டான் தங்கச்சி. பொய் சொல்லக் கூடாது. தொழுவத்துக்குள்ள நின்னு மாட்டைப் பாத்து வசனம் பேசுவான். அந்தக் குரலை நான் அதுக்கு முன்ன கேட்டதே இல்ல. மிஷின்ல உக்காந்து தைச்சுக்கிட்டு இருப்பேன், அவன் பேச ஆரம்பிச்சா என் கால் தன்னால நின்னுரும். நம்ம பிள்ளைக்கு உள்ள இவ்வளவு இருந்திருக்கேன்னு நினைச்சுக்கிடுவேன். இளவரசி பாவாடை நான் தைச்சதுதான். கல்யாண வீட்டு ஆர்டரை எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு ஜரிகை வச்சுத் தைச்சேன். நான் என்னமோ அவனுக்கு எதிரி மாதிரி இப்ப பேசுதாக.

வினை எங்க வந்துச்சுன்னா, குற்றாலிங்கம் சார் டோப்பா கூடாதுன்னுட்டாரு. முன்ன ஒரு தடவை நாடகத்துல அழுகுற நேரம் பாத்து ஒருத்தனுக்கு டோப்பா நழுவி, கூட்டமே சிரிச்சுட்டாம். அதனால சொந்த முடி வளக்கணும். இவன் வளத்தான். பள்ளிக்கூடம் திறந்துச்சு. டிரில் சாரு கேட்டுலயே கத்திரிக்கோலோட நிப்பாரு, காதைத் தாண்டி முடி தெரிஞ்சா அங்கனயே வெட்டிருவாரு. தமிழ் சாரு போயி ஹெட்மாஸ்டர்ட்ட கேட்டிருக்காரு. அவரு, ‘நாடகத்துக்குன்னு விட்டா நாளைக்கு எல்லாப் பயலும் நாடகத்துல சேந்துருவான், சாமிக்கு விட்ட முடின்னா மட்டும்தான் விடுவேன்’ன்னுட்டாரு. இந்தப் பய உடனே ‘சார், நான் சாமிக்குத்தான் விட்டிருக்கேன்’ன்னுட்டான். அப்ப உங்கம்மாவைக் கூட்டிட்டு வான்னுட்டாரு.

எனக்கு ஒண்ணும் தெரியாது. ரூமுக்குள்ள நுழையிறேன், ஹெட்மாஸ்டர் கேக்காரு, ‘என்னம்மா, உங்க பையன் சாமிக்கு முடி விட்டிருக்கேங்கானே, நிசந்தானா?’

நான் இவனைப் பாத்தேன். ஓரமா நிக்கான். சட்டை நுனியைப் பிடிச்சுத் திருகிக்கிட்டு நிக்கான். கண்ணுல அப்படி ஒரு கெஞ்சல். பெத்த வயிறு கேக்குமா? கையெடுத்துக் கும்பிட்டேன். ‘ஆமா சார், எங்க குலசாமி சாஸ்தாவுக்கு நேந்து விட்டிருக்கேன். பங்குனி உத்திரத்துக்கு இறக்கிருவோம்’ன்னு சொல்லிட்டேன். வாயில வந்துட்டு. உத்திரத்துக்குத்தான எங்க பக்கம் எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போவோம். விழா தை மாசம்னு அப்பவே சொல்லிருந்தாக. அதனால ஒரு இடைஞ்சலும் இல்லன்னு நினைச்சேன். வெளிய வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ரோட்டுல, அத்தனை பேரு பாக்க. வளந்த பிள்ளை தாய் கையைப் பிடிச்சு நடந்தா எப்படி இருக்கும்? எனக்கு வானத்துல பறக்குத மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து அரிசி களைஞ்சுக்கிட்டு இருக்கும்போதுதான் திக்குன்னு இருந்துச்சு. எந்த வாயால என்ன சொல்லிட்டு வந்திருக்கேன்? சாஸ்தா பேரைச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னது. சும்மா சொன்னேன்னு ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லலாம், சாமிட்ட சொல்ல முடியுமா? விளக்கைப் பொருத்தி, ‘அப்பா, சொன்னது சொன்னதுதான், என் பிள்ளை முடி உனக்குத்தான்’னு சொல்லிட்டேன். அவனுக்கும் சொன்னேன். அவனும் சரிம்மான்னான். நாடகம் முடிஞ்சப்புறம் அவனுக்கு எதுக்கு முடி?

இதோட முடிஞ்சிருந்தாலும் பரவாயில்லை. ஐப்பசி மழையில அவுக வேன் வாய்க்காலுக்குள்ள பாஞ்சுட்டு. வாழைத்தார் எல்லாம் தண்ணியில மிதக்கு, வண்டி குப்புறக் கிடக்கு. மனுசன் ஒரு கீறல் இல்லாம கரையேறி வந்து நிக்காக. செருப்பு மட்டும்தான் போச்சு. ஊரே அதிசயப்பட்டுச்சு. எனக்கு மட்டும் அதிசயமே இல்ல. எதுக்காக சாஸ்தா என் தாலியைக் காப்பாத்தினாருன்னு எனக்குத் தெரியும். வாங்கிக்கிட வேண்டியது பாக்கி இருக்கு, அதுக்காகத்தான். அன்னையில இருந்து அந்தப் பிள்ளை தலையைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அது முடியாத் தெரியலை. அவுக உயிராத் தெரிஞ்சுது.

முடியும் என்னமா வளந்துச்சுங்கிய! என்னை மாதிரியே சுருட்டை, தோளைத் தொட்டுட்டு. பள்ளிக்கூடத்துல பயலுவ சும்மா இருப்பானுவளா? இளவரசி, இளவரசின்னு பின்னாலயே வந்து கேலி. ரிப்பனைத் தூக்கிப் போடுவானுவளாம். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டான். ஒருநாள் நான் தண்ணி எடுத்துட்டு உள்ள வாரேன், கண்ணாடி முன்னால நின்னு என் ரிப்பனை வச்சுச் சடை பின்னிக்கிட்டு இருக்கான். பின்னி முன்னால போட்டுப் பாத்து, ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க. அவ்வளவு சந்தோசமா அவன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. குடத்தை வச்சுட்டு அப்படியே பின்னால வந்துட்டேன். வயசுப் பிள்ளை, நாலு பேரு பாத்தா என்ன பேசுவாக? அதுக்கும் முடி இறக்கினதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சும்மா சொல்லுதேன்.

அப்புறம் தை வந்துச்சு, விழா வரலை. தலைமை தாங்க வாரேன்னு சொன்ன பெரிய மனுசருக்குத் தேதி ஒத்து வரலையாம். மாசியில வைப்போம்னாக. அப்புறம் பரீட்சைன்னாக. கடைசியில என்னைக்கு வச்சாக தெரியுமா? பங்குனி உத்திரம் கழிஞ்சு அடுத்த வாரம்!

அவன் வந்து சொல்லும்போதே முகம் செத்துப் போயிருந்துச்சு. ‘யம்மா, ஒரே ஒரு வாரம்மா. நாடகம் முடிஞ்ச மறுநாளே இறக்கிருதேன்மா.’ நான் என்ன சொல்ல? அவுகளும் அவன் பக்கம். ‘சாமி ஒரு வாரம் பொறுக்காதாட்டி? மஞ்சத்துணியில காணிக்கை முடிஞ்சு வச்சுட்டு, பிந்திச் செய்யுதோம்னு சொல்லிட்டாப் போச்சு. எல்லாரும் செய்யுததுதான’ன்னாக. தண்ணிக்குள்ள விழுந்தது அவுக, பயப்படுதது நானு. அந்த ஒரு வாரத்துல வண்டி மறுபடி வாய்க்காலுக்குள்ள போச்சுன்னா நான் யார்ட்ட போயி அழ? இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் சாமி. நடுவுல நான். பொறியில மாட்டின எலி கணக்கா இருந்தேன் தங்கச்சி, சோறு இறங்கலை. யாராவது அதை நினைச்சுப் பாத்தாகளா?

உத்திரத்தன்னைக்குக் கோயிலுக்குப் போனோம். பூசாரி நல்ல மனுசன். விசயத்தைக் கேட்டுட்டு, ‘மனசுக்குச் சந்தேகமா இருந்தா சாமிகிட்டயே கேட்ருவோம் தாயி’ன்னாரு. பூக்கட்டிப் பாக்கதுதான், உங்க பக்கமும் உண்டும்லா? செவப்புப் பூ ஒண்ணு, வெள்ளைப் பூ ஒண்ணு, தனித்தனியா இலையில பொதிஞ்சு சாமி காலடியில போடுவாக. ஒரு சின்னப்பிள்ளை வந்து ஒண்ணை எடுக்கணும். வெள்ளை வந்தா நாடகம் முடிஞ்சு இறக்கலாம், செவப்பு வந்தா இப்பவே இறக்கணும்னு பேசிக்கிட்டோம். சேர்மராஜும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு நின்னான். அவன் அப்படிக் கும்பிட்டு நான் பாத்ததில்லை.

வெள்ளை வந்துச்சு.

அவன் முகத்தைப் பாக்கணுமே! அவுக ‘சரி, சாமியே சொல்லிட்டு, கிளம்புவோம்’னு வண்டிச் சாவியை எடுத்துட்டாக. எனக்கு மனசு ஒப்பலை. என்னன்னா, அந்தப் பிள்ளை இடது கையால எடுத்துச்சு. நான் பாத்தேன். மத்தவுக யாரும் கவனிக்கலை. இடது கையால எடுத்தா அது சாமி வாக்காகுமா? பூசாரி தலையைச் சொறிஞ்சாரு. ‘பச்சைப்பிள்ளை தாயி, எந்தக் கையானா என்ன’ன்னாரு. இல்ல, மறுபடி போடுங்கன்னேன். போட்டாரு. மறுபடியும் வெள்ளைதான் வந்துச்சு. ஆனா அந்த இலையைச் சரியா மடிக்கலை, ஓரத்துல வெள்ளை லேசாத் தெரிஞ்சுது. தெரிஞ்சதை எடுத்தா எப்படி? அப்புறம் நானே உக்காந்து ரெண்டையும் நல்லா இறுக்கி மடிச்சுக் குடுத்தேன். செவப்பு வந்துச்சு. பாத்தியளா? சாமிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கண்ணுல நீர் முட்டிட்டு. அவுக வேன்ல போயி உக்காந்துக்கிட்டாக. சேர்மராஜ் அந்தப் பூவையே பாத்துக்கிட்டு நின்னான். ‘மூணு தடவைம்மா’ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அப்புறம் அவனே போயி நாவிதர் முன்னால உக்காந்துட்டான். நான் தலையில தண்ணி ஊத்தினேன். ஒரு பொட்டு அழலை. நல்ல தைரியசாலின்னு நாவிதரே சொன்னாரு. சந்தனம் பூசி விட்டேன், அப்படி ஒரு களை. ஒரு போட்டோ எடுப்போம்லன்னு சொன்னதுக்கு மட்டும் எழுந்திரிச்சுப் போயிட்டான்.

நாடகம் நின்னுதான்னு கேக்கியளா? எப்படி நிக்கும்? குற்றாலிங்கம் சாரு திருநவேலி போயி ஒரு டோப்பா வாடகைக்கு எடுத்துட்டு வந்தாரு. நல்ல நீளம். இவன் சொந்த முடியை விட நீளம்னா பாத்துக்கிடுங்க. எனக்கு மனசு லேசாயிட்டு. சாமிக்கும் குறையில்ல, நாடகத்துக்கும் குறையில்ல. நான் பட்டுச் சேலை கட்டி, அவுகளையும் இழுத்துட்டுப் போயி முன்வரிசையில உக்காந்துட்டேன்.

தங்கச்சி, என் பிள்ளை நடிச்சதை நீங்க பாத்திருக்கணும். அவன்னே எனக்குத் தெரியலை. நான் தைச்ச பாவாடையில, அந்த விளக்கு வெளிச்சத்துல, நிசமாவே ராசா வீட்டுப் பொண்ணு. பள்ளிக்கூடத்துல கேலி பண்ணின பயலுவ எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தானுவ. கடைசிக் கட்டம் வந்துச்சு. ராணி வந்து கதவை மறிச்சு நிக்கா. இவன் முடியை அவுக்கணும். கொண்டையில கை வச்சான். வச்சவன், அவுக்கலை. டோப்பாவைப் பிடிச்சு மொத்தமாக் கழட்டிட்டான். மொட்டைத்தலையோட, பொட்டும் வளையலுமா நிக்கான். கழட்டினதை ராணி கையில குடுத்துட்டு முன்னால வந்து சொல்லுதான்:

‘அம்மா, சாமி எனக்குக் கதவைத் திறந்துதான் விட்டுது. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை திறந்து விட்டுது. நீதான் மறுபடி சாத்தினே.’

சிரிப்பு வரும்னு நான் பயந்தேன், ஒருத்தன் சிரிக்கலை. அப்புறம் ஒரு கைதட்டு பாருங்க, பந்தலே பறந்துரும் போல. நானும் தட்டினேன். அழுதுக்கிட்டே தட்டினேன். அந்த ராணி மேல அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு. சாமியே விட்டுக் குடுத்தப்புறமும் பெத்தவ விடமாட்டேங்காளேன்னு. ராணியா நடிச்ச பயலைப் பின்னால பாத்தப்ப ஒண்ணு வைப்போமான்னு கை பரபரத்துச்சு.

குற்றாலிங்கம் சாரு சொன்னாரு, அது அவரு எழுதின வசனமே இல்லையாம். பய சொந்தமாப் போட்டிருக்கான்! எவ்வளவு மூளை பாருங்க. அதுவும் டோப்பாவைக் கழட்டி, சாமிக்கு முடி குடுத்ததை அத்தனை சனத்துக்கும் காட்டினான்லா, அந்தப் பக்தி யாருக்கு வரும்? பேசும்போது பூரா என்னையவே பாத்துக்கிட்டுதான் பேசினான். அவ்வளவு கூட்டத்துலயும் தாயைத்தான தேடுது பிள்ளை! அவுகட்ட சொன்னேன். அவுக என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு, ‘நீ பேசாம வா’ன்னாக. ஆம்பளையளுக்கு இதெல்லாம் எங்க புரியுது?

வீட்டுக்கு வந்தும் பேச்சு இல்ல. தொண்டை கட்டிருக்கும்னு சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடுத்தேன். தம்ளரை அப்படியே வச்சுட்டான். மறுநாள் காலையில பையைத் தூக்கிட்டு அத்தை வீட்டுக்குக் கிளம்பிட்டான். போனவன் போனவன்தான். நாத்தனா சொல்லுதா, ‘மதினி, இங்க நல்லாப் பேசுதான், சிரிக்கான், நீங்க கொஞ்ச நாளைக்கு வராதீங்க’ன்னு. எப்படி இருக்கு? என் பிள்ளையைப் பாக்க நான் போகக் கூடாதாம். மதுரையில ஏதோ நாடகக்காரங்க கூடச் சேந்திருக்கானாம். அடுத்த கோடைக்குப் பெரிய நாடகமாம், இவன்தான் முக்கிய வேசமாம். அதுக்காக மறுபடி முடி வளக்கானாம். கேட்டதும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. வளரட்டும். நான்தான் அப்பவே சொன்னேனே.

நேத்து கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். என் பிள்ளை மனசு இளகணும், என்கூட வீட்டுக்கு வரணும், வாயைத் திறந்து ஒரு தடவை அம்மான்னு கூப்பிடணும்னு சாஸ்தா காலைப் பிடிச்சு அழுதேன். பூசாரியைக் கூப்பிடலை, பூவும் கட்டலை. நானே நேந்துட்டேன். அவன் பேசிட்டான்னா, வர்ற உத்திரத்துக்கு மறுபடி அவன் முடியை உனக்கே இறக்குதேன்னு.

அவன்கிட்ட இன்னும் சொல்லலை. முதல்ல வீட்டுக்கு வரட்டும்.